இடம்புரி, வலம்புரி: ஒரு திருப்பத்தின் நெடும்பயணம்

மரக்காணத்து உப்பளத்தில் ஒரு கல்லுப்பை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். சின்னக் கனசதுரம். அதைக் கண்ணாடியில் காட்டினால் உள்ளே தெரிவதும் அதே கனசதுரம்தான். உப்புக்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது. அங்கிருந்து கிழக்கே கடற்கரைக்கு நடந்து, வலையில் சிக்கி வந்த ஒரு சங்கைக் கையில் எடுங்கள். அதன் சுருள் ஒரே பக்கமாகத்தான் திரும்பும். கண்ணாடியில் தெரிவது வேறொரு சங்கு. எப்படிப் புரட்டிப் பிடித்தாலும் கையிலிருக்கும் சங்கோடு அது பொருந்தாது.

நம் உடம்பு இதில் சங்கின் பக்கம். இதயம் இடப்புறம் சாய்ந்திருக்கிறது. கல்லீரல் வலப்புறம், மண்ணீரல் இடப்புறம். வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் தாயின் வயிற்றில் முதல் இரண்டு வாரம் கருவின் இரு பாதிக்கும் எந்த வேறுபாடும் இல்லை. பிறகு அதற்கு இடது எது, வலது எது என்று சொல்லிக்கொடுத்தது யார்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதையில் வளையல் வியாபாரிகள் உண்டு, போலிச் சங்குகள் உண்டு, ஓர் ஓவியர், ஒரு தென்னை ஆராய்ச்சியாளர், தற்செயலாகப் பிறந்த எலிகள் என்று பலரும் உண்டு. முதலில் வருவது சங்கு.

சங்கு மிகப் பழைய வணிகச் சரக்கு. சிந்துவெளி மக்கள் அதை அறுத்து வளையல் செய்தார்கள். மொகஞ்சதாரோவிலும் குஜராத்தின் நாகேஷ்வரிலும் அந்த வேலை நடந்த தடயங்கள் அகழ்வில் வெளிப்பட்டன. தெற்கே கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. வாளரத்தால் சங்கை அறுத்து வளையல் செய்பவர்களை அகநானூறு அறியும். மரக்காணமும் இந்தக் கடல்வழியில் இருந்த ஊர்தான். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினமும், முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்லும் சோபட்மா துறையும் இதுவே என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற வணிகர், இந்தக் கடற்பகுதித் துறைமுகம் ஒன்றிலிருந்து சங்கு ஏற்றுமதியாவதை எழுதி வைத்தார். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கம்பெனி, சங்கு குளித்தலைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. சரக்கு போய்ச் சேர்ந்த இடம் வங்காளம். டாக்காவின் சாங்காரி பஜாரில் அறுத்துச் செதுக்கிய வெள்ளை வளையல்கள் வங்கத்துச் சுமங்கலிகளின் கைக்குப் போயின. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்த ஒரே உயிரைப் பற்றி 1914இல் தனி நூலே எழுதினார்.

இப்படி நூற்றாண்டுக் கணக்கில் கோடிக்கணக்கான சங்குகள் மனிதக் கைகளில் புரண்டதால்தான் ஓர் அரிய உண்மை கண்ணில் பட்டது. ஏறக்குறைய எல்லாச் சங்கும் இடம்புரி. லட்சக்கணக்கில் எடுத்தால் ஒன்றிரண்டு மட்டும் எதிர்ப்பக்கம் சுழிந்திருக்கும். அதுவே வலம்புரி. வால்முனை மேலே இருக்கும்படி பிடித்தால் அதன் வாய் வலப்புறம் திறக்கும். மேலைநாட்டு விலங்கியலார் சங்கைத் தலைகீழாக, கூம்பு முனை மேலே இருக்கும்படி பிடிப்பதால், நம்முடைய வலம்புரி அவர்கள் கணக்கில் இடச்சுருள். கார்த்திகைச் சோமவாரச் சங்காபிஷேகத்தில் வலம்புரிக்குத் தனி மரியாதை உண்டு. திருவிதாங்கூர் அரசின் முத்திரையில் அது இடம்பிடித்தது. திபெத்தியப் பௌத்தத்தின் எட்டு மங்கலச் சின்னங்களில் ஒன்றாக இமயத்துக்கு அப்பாலும் ஏறிப் போனது. உயிரினங்களில் இடவல மாற்றம் என்ற ஒன்று உண்டு என்பதைக் கண்டுகொண்டு, அந்த அரிய மாதிரிகளைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தவர்கள் நம் கரையின் சங்கு குளிப்பவர்களும் வியாபாரிகளும்தான்.

விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? மெக்சிகோ வளைகுடாவில் மின்னல் சங்கு என்று ஓர் இனம் வாழ்கிறது. அதற்கு இயல்பே நம் வலம்புரியின் சுழிதான். அங்கே அது சாதாரணம். இங்கே அதையே வலம்புரி என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குபவர் பார்க்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. நம் சங்கின் வாய்க்குள், நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாகப் புடைத்திருக்கும். அமெரிக்கச் சங்கில் அந்த வரிகள் கிடையாது. அந்த மின்னல் சங்கின் தாயகத்திலும் அது புனிதப் பொருளாகவே இருந்தது என்பது வியப்புக்குரியது. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மிசிசிப்பி ஆற்றங்கரையின் கஹோக்கியா நகரத்தார் அதைக் கடலிலிருந்து வெகுதூரம் கொண்டுவந்து சடங்குக் கிண்ணமாக்கினார்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு நாகரிகங்கள் ஒரே திசைச் சுழிக்கு முன் கைகூப்பியிருக்கின்றன.

டச்சுக் கப்பல்கள் கொண்டுபோன சிப்பிகளும் கிளிஞ்சல்களும் ஆம்ஸ்டர்டாம் செல்வர்களின் அலமாரிகளை நிறைத்தன. 1650இல் ஓவியர் ரெம்பிராண்ட் அப்படி ஒரு கூம்புச் சிப்பியைச் செப்புத் தகட்டில் கீறினார். தகட்டில் வரைவது அச்சில் இடவலம் மாறி விழும். கையெழுத்தை அதற்கேற்பத் திருப்பி எழுதியவர், சிப்பியைப் பார்த்தபடியே வரைந்துவிட்டார். அச்சாகி வந்தது இயற்கையில் காண அரிதான எதிர்ச்சுழிச் சிப்பி. 

மனித உடம்பிலும் வலம்புரி உண்டு என்பது பிணப் பரிசோதனை மேசையில் தெரிய வந்தது. 1788இல் லண்டன் மருத்துவர் மேத்யூ பெய்லி, இதயம், ஈரல், மண்ணீரல் அனைத்தும் கண்ணாடி பிம்பம் போல மாறி அமைந்த ஒருவரின் உடலை விவரித்துக் கட்டுரை எழுதினார். அந்த மனிதர் வளர்ந்து ஆளாகி வாழ்ந்திருக்கிறார். எல்லாம் மொத்தமாக மாறினால் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். பாதி மாறி, பாதி மாறாமல் போவதுதான் ஆபத்து. இதயத்தின் ரத்தக் குழாய்கள் தவறாகப் பொருந்தும் கடுமையான பிறவிக் கோளாறுகள் அப்போதுதான் வருகின்றன.

அடுத்த அடியை வைத்தது ஓர் உப்பு. 1848இல் பாரிஸில் இளைஞர் லூயி பாஸ்டர், திராட்சை மது தயாரிக்கையில் கிடைக்கும் டார்டாரிக் அமிலத்தின் உப்பு ஒன்றை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். சமையல் உப்பைப் போல அது சமச்சீரான கனசதுரம் அல்ல. ஒரே குவியலில் இரண்டு வகைப் படிகங்கள், ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருந்தன. அவர் அவற்றைக் கையாலேயே பிரித்தெடுத்தார். மூலக்கூறுகளுக்கே இடக்கை, வலக்கை உண்டு என்பது அன்று உறுதியானது. உயிர்கள் தங்கள் புரதங்களை ஒரு கைப்பட்ட மூலக்கூறுகளால் மட்டுமே கட்டுகின்றன என்பது பின்னர் புரிந்தது. உடம்பின் இடவலத்துக்கு வேர் அங்கே இருக்கலாமோ என்ற எண்ணம் விதையாக விழுந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் திருப்பம் கைப்பிடி அளவு இதயத்தை எப்படிச் சாய்க்கும்?

1919இல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்பீமனும் அவருடைய மாணவரும் நீரில் வாழும் சாலமாண்டர் கருவை மெல்லிய இழையால் நடுவில் இறுக்கி இரட்டையராக்கினார்கள். இடப்பாதியிலிருந்து வளர்ந்தவற்றுக்கு உறுப்புகள் பெரும்பாலும் ஒழுங்காக அமைந்தன. வலப்பாதியிலிருந்து வளர்ந்தவற்றில் ஏறத்தாழ பாதி மாறிப் போயின. ஏதோ ஒரு செய்தி இடப்பக்கத்தில் இருக்கிறது, அது கிடைக்காத பாதிக்குத் திசை தெரியவில்லை என்பது அதன் பொருள்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு கூட்டம் நத்தை வளர்த்துக்கொண்டிருந்தது. லீட்ஸ் நகரத்துக்கு அருகே ஒரு குளத்தில் எதிர்ச்சுழி நத்தைகள் கிடைக்க, பாய்காட், டைவர் என்ற இருவரும் ஆர்வலர்களைச் சேர்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக லட்சக்கணக்கில் அவற்றைப் பெருக்கினார்கள். கணக்கு மட்டும் பிடிபடவில்லை. பெற்றோர் சுழியும் பிள்ளைகள் சுழியும் ஒத்துப்போகவே இல்லை. 1923இல் நியூயார்க்கில் பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் ஒரு சிறு குறிப்பில் முடிச்சை அவிழ்த்தார். நத்தையின் சுழியைத் தீர்மானிப்பது அதன் சொந்த மரபணு அல்ல. தாயின் மரபணு. முட்டை உருவாகும்போதே தாய் உள்ளே வைத்துவிடும் பொருள் சுழியை முடிவு செய்துவிடுகிறது.

இந்த நேரத்தில் வழக்கு நத்தையிலிருந்து நோயாளிக்குத் தாவியது. 1933இல் சூரிச் மருத்துவர் மானெஸ் கார்ட்டகெனர் நான்கு நோயாளிகளை விவரித்தார். நால்வருக்கும் ஓயாத சைனஸ், மூச்சுக்குழாய் விரிந்து சளி கட்டும் நோய், அதோடு உள்ளுறுப்புகளின் இடவல மாற்றம். மூக்குச் சளிக்கும் வலப்பக்க இதயத்துக்கும் என்ன உறவு? நாற்பது ஆண்டுக்கும் மேல் யாருக்கும் விளங்கவில்லை. விடை குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்த ஆண்களிடமிருந்து வந்தது. ஸ்டாக்ஹோமில் ப்யோன் அஃப்செலியுஸ், நீந்தவே முடியாத விந்தணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். வாலை அசைக்கும் டைனின் என்ற புரதக் கைகள் அவற்றில் இல்லை. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் குறுயிழைகளை அசைப்பதும் அதே புரதம்தான். இந்த நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம். கருவிலும் ஏதோ குறுயிழை அசைந்துதான் இடவலத்தை முடிவு செய்கிறது, அது அசையாவிட்டால் விதி பூவா தலையா போட்டுவிடுகிறது என்று 1976இல் அவர் துணிந்து எழுதினார். கருவில் அப்படி அசையும் இழையை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

அந்தப் பூவா தலையாவை நம் நாட்டில் ஒருவர் தென்னந்தோப்பில் எண்ணிக்கொண்டிருந்தார். காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டி. ஏ. டேவிஸ், தென்னை மட்டைகள் சில மரங்களில் இடச்சுற்றாகவும் சில மரங்களில் வலச்சுற்றாகவும் ஏறுவதைக் கவனித்தார். இரண்டும் ஏறத்தாழ சரிபாதி. 1957இல் இந்தியாவுக்கே குடிவந்துவிட்ட மரபியல் மேதை ஜே.பி.எஸ். ஹால்டேன் இந்த வேலையில் மனம் பறிகொடுத்து அவருக்கு ஊக்கம் கொடுத்தார். தாய்மரம் எந்தச் சுற்றானாலும் கன்றுகள் பாதிக்குப் பாதிதான் என்று டேவிஸ் 1962இல் நிறுவினார். தென்னைக்குச் சுற்று வாரிசாக வருவதில்லை. ஒவ்வொரு கன்றும் புதிதாகச் சுண்டிப்போட்ட காசு. 1959இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட ஒரு பிறழ்வு எலி வகையிலும் இதே கணக்கு வந்தது. ஒரு மரபணு பழுதான அந்த எலிகளில் பாதிக்கு உறுப்புகள் ஒழுங்காகவும் பாதிக்கு மாறியும் அமைந்தன. அந்த மரபணுவும் ஒரு டைனின் புரதத்துக்கு உரியது என்று 1997இல் தெரிந்தபோது அஃப்செலியுஸின் ஊகத்துக்கு வலு கூடியது.

ஆக, வழிகாட்டி இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி. வழிகாட்டி இருந்தால் அது எப்படி வேலை செய்ய வேண்டும்? 1990இல் நைஜல் பிரவுன், லூயிஸ் வோல்பர்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். கருவுக்குத் தலை எது, வால் எது என்று ஏற்கெனவே தெரியும். முதுகும் வயிறும் தெரியும். எஃப் என்ற ஆங்கில எழுத்தைப் போல, கண்ணாடியில் மாறிவிடும் வடிவமுள்ள ஒரு மூலக்கூறை இந்த இரண்டு அச்சுகளோடும் பொருத்தி நிறுத்தினால், அதன் மூன்றாவது திசை தானாக ஒரு பக்கத்தைக் காட்டும். மூன்றாண்டில் ஒரு விபத்து நிகழ்ந்தது. அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் வெள்ளை எலிகளுக்கு நிறம் கொடுக்க ஒரு மரபணுவைச் செருகினார்கள். அது போய் வேறொரு மரபணுவின் நடுவில் விழ, பிறந்த எலிகளில் ஒரு வகைக்கு உறுப்புகள் ஏறக்குறைய எல்லாமே இடவலம் மாறியிருந்தன. பாதிக்குப் பாதி அல்ல, முழு மாற்றம். 1993இல் வெளியான இந்தச் செய்தி, திசையைத் திட்டமாகத் திருப்பவும் முடியும் என்று காட்டியது.

கடைசிக் கதவைத் திறந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தேடியே போகாதவர்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நோபுடாகா ஹிரோகாவா நரம்பணுக்களுக்குள் சரக்குச் சுமக்கும் மோட்டார்ப் புரதங்களை ஆராய்ந்து வந்தவர். அவற்றில் ஒன்றை நீக்கிய எலிக் கருக்கள் பிழைக்கவில்லை. பார்த்தால் இதயம் சிலவற்றில் இப்பக்கமும் சிலவற்றில் அப்பக்கமும் வளைந்திருந்தது. குழுவினர் ஏழரை நாள் வயதான எலிக் கருவை உயிரோடு நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்கள். கருவின் வயிற்றுப்புறத்தில், கணு எனப்படும் இடத்தில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சிறு குழி. அதற்குள் ஏறத்தாழ இருநூறு குறுயிழைகள், ஒவ்வொன்றும் சில மைக்ரான் நீளம். அவை நொடிக்குப் பத்துமுறை அளவில் ஒரே திசையில் சுழன்றுகொண்டிருந்தன. ஒளிரும் நுண்மணிகளைக் குழிக்குள் விட்டதும் அவை வலமிருந்து இடமாக ஓடின. 1998இல் குழுவைச் சேர்ந்த நோனாகாவும் ஹிரோகாவாவும் வெளியிட்ட அந்தக் காட்சிதான், எலிக் கருவில் நாம் காணும் முதல் இடவல வேறுபாடு.

சுழலும் இழை நீரைச் சுழற்றத்தானே செய்யும், ஒரு பக்கமாக எப்படித் தள்ளும்? காரணம் அதன் சாய்வு. இழைகள் வால்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. சுழற்சியின் ஒரு பாதியில் இழை தரையை ஒட்டிப் படுத்து வருகிறது. அப்போது நீர் அவ்வளவாக நகராது. மறுபாதியில் நிமிர்ந்து வீசுகிறது. அப்போது நீர் நகரும். உப்பளத்தில் வாருபலகையை அழுத்தி இழுக்கும்போது உப்பு நகர்கிறது, தூக்கித் திருப்பும்போது நகர்வதில்லை. அதே நியாயம்தான் இங்கும். சுழலும் திசை டைனின் புரதத்தின் கட்டமைப்பிலிருந்து வருகிறது, சாய்வு தலை-வால் அச்சிலிருந்து வருகிறது. இரண்டும் சேர இடப்பக்க நீரோட்டம் பிறக்கிறது. பிரவுனும் வோல்பர்ட்டும் தேடிய வழிகாட்டி இதுவே. 2002இல் நோனாகா குழு இன்னும் ஒருபடி போய், கருவின் மேல் செயற்கையாக எதிர்த்திசையில் நீரை ஓடவிட்டது. உறுப்புகளின் அமைப்பு தலைகீழானது. வெறும் நீரோட்டத்தைத் திருப்பியே ஓர் உயிரின் இடவலத்தை மாற்றிவிட்டார்கள். இரண்டே இரண்டு இழைகள் சுழன்றாலும் திசை தெரிந்துவிடுகிறது என்று 2012இல் ஹிரோஷி ஹமாடாவின் குழு கண்டது.

நீர் இடப்பக்கம் ஓடினால் இதயம் ஏன் கேட்க வேண்டும்? குழியின் விளிம்பில் சுழலாத குறுயிழைகள் சில நிற்கின்றன. ஓட்டம் பட்டு அவை வளைய, அந்தச் செல்களில் கால்சியம் சமிக்ஞை எழுகிறது. ஒளிக்கற்றையால் ஒரே ஓர் இழையை வளைத்தே இதை 2023இல் மெய்ப்பித்தார்கள். அதன் விளைவாக இடப்பக்கத்தில் நோடல் என்ற புரதம் பெருகுகிறது. அது வலப்பக்கம் பரவாதபடி லெஃப்டி என்ற புரதம் நடுக்கோட்டில் காவல் நிற்கிறது. நோடல் எழுப்பிவிடும் பிட்எக்ஸ்2 என்ற மரபணு, இடப்பக்கத் திசுக்களுக்கு அவை இடப்பக்கம் என்பதை உணர்த்திவிடுகிறது. மனிதக் கருவில் நான்காம் வாரத்தில் நேர்க்குழாயாக இருக்கும் இதயம் வளைந்து திரும்புகிறது. அடுத்தடுத்து குடலும் ஈரலும் நுரையீரலும் தத்தம் இடம் பிடிக்கின்றன.

எல்லா உயிரும் இதே கருவியை வைத்துக்கொள்ளவில்லை. கோழி, பன்றிக் கருக்களின் கணுவில் சுழலும் இழையே இல்லை. கோழியில் செல்களே ஒருபுறமாக நகர்ந்து வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்று 2009இல் கண்டார்கள். கருவி மாறினாலும் அதன் பின் வரும் நோடல் மாறுவதில்லை. அதே 2009இல் கிறிஸ்டினா கிராண்டே, நிபம் பட்டேல் இருவரும் நத்தைக் கருவிலும் நோடலைக் கண்டுபிடித்தார்கள். வலச்சுருள் இனத்தில் அது வலப்பக்கம், இடச்சுருள் இனத்தில் இடப்பக்கம். அதன் வேலையைத் தடுத்தால் ஓடு சுருளாமலே நீண்டது. அதே ஆண்டு ரெய்கோ குரோடாவின் குழு, எட்டே செல்கள் இருக்கும் நத்தைக் கருவை மெல்லிய கண்ணாடிக் குச்சியால் எதிர்ப்பக்கம் தள்ளிவிட, அது எதிர்ச்சுழி நத்தையாக வளர்ந்தது. ஸ்டர்டிவன்ட் ஊகித்த தாய் மரபணு, செல்லின் சட்டகத்தை அமைக்கும் ஃபார்மின் என்ற புரதத்துக்கு உரியது என்று 2016இல் தெரிந்தது.

அதே 2016இல் லண்டனில் ஓர் எருக்குழியில் எதிர்ச்சுழித் தோட்ட நத்தை ஒன்று அகப்பட்டது. ஜெரமி என்று பெயர் சூட்டி, இணை தேடி ஆராய்ச்சியாளர் ஆங்கஸ் டேவிசன் வானொலியில் வேண்டுகோள் விடுத்தார். இப்ஸ்விச்சிலிருந்து ஒன்றும் மயோர்க்கா தீவிலிருந்து ஒன்றும் வந்தன. ஜெரமிக்குப் பிறந்த குஞ்சுகள் அனைத்தும் இயல்புச் சுழியே. பல நாட்டு எதிர்ச்சுழித் தோட்ட நத்தைகளை ஆராய்ந்தபோது, அவற்றின் சுழி பெரும்பாலும் வாரிசாக வருவதில்லை, வளர்ச்சியின் தொடக்கத்தில் நேரும் தற்செயல் என்று தெரிந்தது.

இந்த நெடும்பயணம் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான். எதிர்ப்பக்கம் திரும்பிய மனித உடல் சாபமும் அல்ல, வரமும் அல்ல. ஒரு நுண்ணிழை சுழன்றதா, எந்தப் பக்கம் நீர் ஓடியது என்பதன் விளைவு அது. சங்கில் அதே போன்ற மாற்றத்தைக் கண்டு வணங்கும் நாம், பிள்ளையின் எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிந்தால் கலங்கிப்போக வேண்டியதில்லை. செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் எக்கோ பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்து, முழுவதும் மாறியிருக்கிறதா, பாதி மாறியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே சளியும் சைனஸும் விடாமல் இருந்தால், குறுயிழைக் கோளாறு உண்டா என்று மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள். முழு மாற்றம் உள்ளவருக்குக் குடல்வால் வலி இடப்பக்கம் வரலாம், மாரடைப்பு வலி வலப்பக்கம் வரலாம், இ.சி.ஜி. பட்டைகளையும் மாற்றித்தான் வைக்க வேண்டும். ஆகவே அந்தச் செய்தியை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள், வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள். அவசர நேரத்தில் அந்த ஒரு வரி உயிரைக் காக்கும்.